யாரை யாரோடு குடிவைப்பது?

 

கி.பி. 622-ல் மதீனா வந்து சேர்ந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வீடு வாசலை மக்காவில் விட்டு வந்த முஹாஜிர்களை அப்படியே விட்டுவிடவில்லை. இன்னாருக்கு இன்னார் சகோதரர் என்று பேர் சொல்லி இணைத்து வைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். (சந்தைக்கு வழி கேட்ட அந்த வியாபாரியை நமக்கு நன்றாய்த் தெரியும்.)

நம் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வருமானம் குறைந்தோருக்கு மலிவு வாடகை வீடு கொடுக்கிறது. ஒண்டிக்கட்டைகள் பெரும்பாலும் இருவர் சேர்ந்தே குடியிருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். கண் தெரியாதவர் வீட்டுக்குள் பழக்கத்தால் நடப்பவர். கூட இருப்பவர் நாற்காலியை நகர்த்திப் போட்டால் அவர் விழுந்துவிடுவார். 2021-ல் ஒரு புது முறை தொடங்கியது. துணை தேடாமலே தனியாய் மனுச் செய்யலாம். நடத்தும் அமைப்பே பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இருப்பது தெரிந்தால்தானே போய்க் கேட்பார்?

நம்மில் சிலர் கடைக்கு மேல் அறையைச் சொற்ப வாடகைக்குக் கொடுத்து, நன்மை எழுதப்பட்டுவிட்டது என்று இருக்கிறோம். அந்தச் செங்குத்துப் படியில் ஊன்றுகோலோடு எப்படி ஏறுவது? கால் அளவு பாராமல் செருப்பு விற்போமா?

கடையோரம் டிஷ்யூ விற்கும் உடற்குறையுள்ளவரிடம் காசைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். இரவு எங்கே தங்குகிறார், யாரோடு என்று கேளுங்கள். லுஹர் தொழுது, கடையில் கூட்டம் குறைந்த நேரம் சமூகச் சேவை அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். மனு எழுத வராதென்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எழுதிக் கொடுங்கள்.