வகுப்பறைக்கு ஒரு சிறு கொடை: தருமமா, நீதியா?



அரசாங்கப் பாடசாலை ஒன்றின் மூன்றாம் வகுப்புக்கு ஐயாயிரம் ரூபா கொடுப்பதா, விடுவதா என்று இரு பெற்றோர் வாதிடுவதாக வைத்துக்கொள்வோம். “பாடசாலை அரசாங்கத்தினுடையது. நாம் வரி கட்டுகிறோம். வெண்கட்டியும் வர்ணத்தாளும் வாங்கிக் கொடுப்பது அரசாங்கத்தின் கடன். நாம் கொடுக்கத் தொடங்கினால் அது கைகழுவிவிடும்” என்கிறார் ஒருவர். “பிள்ளைகள் நம்முடையவர்கள். அரசாங்கம் தரும்வரை காத்திருந்தால் இந்த வருடம் போய்விடும். கொடுப்பது நம் தருமம்” என்கிறார் மற்றவர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. இருவரும் ஒன்றை மறந்தும்விட்டனர். அது எது என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

சிறு தொகை ஒன்று வகுப்பறையில் என்னதான் செய்துவிடும்? ஐந்தாறு கைவில்லைகள் இருந்தால், விதை முளைப்பதைப் பாடநூலில் மட்டும் பார்த்த பிள்ளை தன் கண்ணாலேயே காணும். மட்டையில் வெட்டிய வட்டத் துண்டுகளைக் கையில் வைத்துச் சேர்த்துப் பார்க்கும் பிள்ளைக்கு, அரையும் காலும் சேர்ந்து முக்காலாவது மனனம் செய்யவேண்டிய பாடமாக இராது. வீட்டிலே பாடநூலைத் தவிர வேறு புத்தகம் காணாத பிள்ளைக்கு, வகுப்பின் மூலையில் நாற்பது கதைப் புத்தகங்கள் இருப்பது பெரும் செல்வமாகும்.

கட்டடத்தையும் சம்பளத்தையும் பாடநூலையும் கொழும்பிலிருந்து கணக்கிடலாம். ஆனால் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கழித்தல் இன்னும் விளங்கவில்லை, அதற்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குத் துண்டுகள் வேண்டும் என்பது வகுப்பாசிரியைக்கு மட்டுமே தெரியும். பெரிய அமைப்பு சிறிய அமைப்பின் வேலையைப் பறித்துக்கொள்ளாமல் அதற்குத் துணைநிற்க வேண்டும் என்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1931இல் தமது சுற்றுமடலிற் போதித்தார். வகுப்பறைக்குக் கொடுக்கும் சிறு கொடை நல்ல முறையில் அமையும்போது இப்போதனையின் உயிருள்ள உதாரணமாகிறது. பிள்ளையை அறிந்தவரின் கையிலே அது சேருகிறதன்றோ?

ஆயினும் பொருள் வந்துவிட்டால் கல்வியும் வந்துவிடும் என எண்ணுவது தவறு. 1990களின் பிற்பகுதியில் கென்யாவின் கிராமப் பாடசாலைகளுக்குப் பாடநூல்களை வழங்கி அதன் பயனை ஆராய்ந்தார்கள். முன்னரே நன்றாகப் படித்த பிள்ளைகளே பயனடைந்தனர், ஏனையோர் அடையவில்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அப்பிள்ளைகளிற் பலருக்கு அது மூன்றாவது மொழி. தன்சானியாவில் 350 பாடசாலைகளில் நடைபெற்று 2019இல் வெளியான ஆய்வொன்று இன்னொன்றைச் சொல்கிறது. பாடசாலைக்குப் பணம் மட்டும் கொடுத்த இடங்களில் பிள்ளைகளின் பெறுபேறு உயரவில்லை. பணத்தோடு, பிள்ளைகள் தேர்ச்சி பெற்றால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகையும் என்று ஏற்பாடு செய்த இடங்களிலேயே உயர்ந்தது. ஆசிரியரின் ஊக்கத்தோடு சேராத பொருள் அலுமாரியிலேயே கிடந்துவிடும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

எல்லாவற்றிலும் நம்மைச் சிந்திக்க வைப்பது ஆந்திரப் பிரதேச அனுபவமாகும். 2005ஆம் ஆண்டளவில் அங்குள்ள கிராமங்களில் நூறு அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு சிறு கொடை வழங்கப்பட்டது. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று அமெரிக்க டொலர். கொப்பிகள், சிலேட்டுகள், வகுப்பறைச் சாதனங்கள் எனப் பிள்ளைகளுக்கு நேரே பயன்படும் பொருள்கள் வாங்கப்பட்டன. முதலாம் ஆண்டில் கொடை எதிர்பாராமல் வந்தது; பிள்ளைகளின் புள்ளிகள் உயர்ந்தன. இரண்டாம் ஆண்டில் அதே கொடை வரும் என்று பெற்றோருக்கு முன்னரே தெரியும். அவ்வாண்டிற் புள்ளிகளில் முன்னேற்றம் காணப்படவில்லை. காரணம் என்ன? பாடசாலை தரும் என்று அறிந்த வீடுகள் பிள்ளையின் படிப்புக்காகத் தாம் செலவிட்டு வந்ததைக் குறைத்துக்கொண்டன. ஒரு கை நீண்டபோது மறு கை மடங்கியது. ஆபிரிக்காவில் சாம்பியா நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்ததை அதே ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அப்பெற்றோர் குற்றம் செய்தார்களா? அவசரப்பட்டுத் தீர்ப்பிடலாகாது. பாடசாலை கொப்பி தரும் என்றறிந்த ஏழைத் தாய் அந்தக் காசில் பிள்ளைக்குப் பாலோ மருந்தோ வாங்குவாளாயின், அவள் தன் வீட்டை ஞானத்தோடு நடத்துகிறாள் என்றே சொல்லவேண்டும். அவளுடைய சுமை குறைந்ததும் ஒரு நன்மையே. 2025இன் தொடக்கத்தில் நமது அரசாங்கம் அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணங்களுக்கென 6,000 ரூபா வழங்கியபோதும், பல வீடுகளில் அது வேறு அவசரத் தேவைக்கு இடம் விட்டிருக்குமானால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கையை மடக்கிக்கொள்ளத் தேவையில்லாதவர்கள் மடக்கும்போதுதான் பாவம் பிறக்கிறது. “பழைய மாணவர் கொடுக்கிறார்கள்” என்று சொல்லி அதிகாரி தன் கடமையிலிருந்து விலகுகிறார். “வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்புகிறார்கள்” என்று வசதியுள்ள பெற்றோர் விலகுகிறார்கள். “நான் ஒருதரம் கொடுத்துவிட்டேன்” என்று கொடுத்தவரும் விலகுகிறார். தம் பொருளைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லி, வயோதிபப் பெற்றோரைப் பராமரியாமல் விட்டவர்களை இயேசு ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு நற்செயலைச் சாட்டி ஒரு கடமையைக் கழித்துவிடுவது பழைய நோய். இன்று அது பாடசாலை வாசலிலும் நிற்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டில், நீதியின்படி ஒருவருக்கு உரியதைத் தருமம் என்ற பெயரிற் கொடுக்கலாகாது என்று எச்சரித்தது. நமது நாட்டில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாயின. இவை எவருடைய இரக்கமுமல்ல, பிள்ளைகளின் உரிமை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டபோது, அவ்வுரிமை எவ்வளவு எளிதிற் குலையும் என்பதை எல்லோரும் கண்டோம். ஆகவே கொடுப்பவர் கேட்பதையும் நிறுத்தக்கூடாது. வகுப்புக்கு வெண்கட்டி வாங்கிக் கொடுத்த அதே கை, பாடசாலைக்குரிய ஒதுக்கீடு எங்கே என்று வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதவும் வேண்டும்.

நமக்குள் இன்னொரு மனத்தடையும் உண்டு. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நமது பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. “இனி அது நம் பாடசாலையல்ல” என்ற கசப்புச் சில குடும்பங்களில் தலைமுறை கடந்தும் நிலைத்திருக்கிறது. கட்டடம் கைமாறியது உண்மை. ஆனால் அதனுள்ளே இருப்பவர்கள் நம் பிள்ளைகளும் நம் அயலவரின் பிள்ளைகளுமே. பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று அதே சங்கம் கூறியபோது, கத்தோலிக்கப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரை மட்டும் அது கருதவில்லை.

எனவே கொடுக்க விரும்புவோர்க்குச் சில வார்த்தைகள். முதலில் வகுப்பாசிரியரைக் கேளுங்கள். அவர் கேட்காத விலையுயர்ந்த சாதனத்தை வாங்கிக் கொடுத்தால் அது பூட்டிய அறையில் தூசி பிடிக்கும். ஒவ்வொரு வீடும் தானே வாங்கக்கூடிய பொருளைவிட, எந்த வீடும் தனித்து வாங்காத, வகுப்பு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் பொருளைத் தேர்ந்தெடுங்கள். வாசிப்பு மூலையும் தராசும் கைவில்லையும் வீட்டுச் செலவுக்குப் பதிலாக வரமாட்டா, மேலதிகமாகவே நிற்கும். மிக வறிய பிள்ளைக்குக் கொப்பி வேண்டுமாயின் அதை மறைவாகக் கொடுங்கள். தராசிலும் புத்தகத்திலும் உங்கள் பெயரைப் பொறிக்க வேண்டாம். பிள்ளை படிக்க வேண்டியது உங்கள் பெயரையல்ல. பணத்தோடு ஒரு மணி நேரத்தையும் கொடுங்கள். சனிக்கிழமை காலையில் அப்புத்தகங்களை மெலிந்த மாணாக்கருடன் இருந்து வாசிக்க ஒருவர் வந்தால், கொடை இருமடங்காகும். செலவின் கணக்கைப் பெற்றோர் முன்னிலையில் வாசிக்கக் கேட்பதும் நல்லது.

அப்பமும் மீனும் கொண்டுவந்த சிறுவனை நினைத்துப் பாருங்கள். அவனிடம் இருந்தது சிறிது. இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்று சீடர் ஐயுற்றார். ஆனால் ஆண்டவர் அச்சிறிதை வாங்கிக்கொண்ட பின் சீடர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. மக்களை அமரச் செய்யும் வேலையும், எஞ்சியதை வீணாகாமற் சேர்க்கும் வேலையும் அவர்களுக்கே கிடைத்தன. ஒருவன் கொடுத்ததனால் மற்றவர்களின் வேலை கூடியதேயன்றிக் குறையவில்லை.

புதிய தவணைக்கு உங்கள் ஊர்ப் பாடசாலை திறக்கும் நாளில், உங்கள் கை நீளுமா? நீண்டபின் மடங்காமல் நிற்குமா?