சிப்பாயின் பெயர் யாருக்குச் சொந்தம்?

சூரசம்ஹாரம் நடத்தாத முருகன் தலம் திருத்தணி. கந்த சஷ்டியின் ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரை கொள்ளாத கூட்டம் சூரன் வதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இங்கே சுவாமிக்கு மலர் தூவிப் புஷ்பாஞ்சலி செய்வார்கள். சூரனோடு போரிட்ட சினம் ஆறி முருகன் அமர்ந்த மலை இது என்பது ஐதிகம். சினம் ஆறிய இடத்தில் போரை மறுபடி நடித்துக் காட்டுவதில்லை. போர் முடிந்த பிறகு மிஞ்சியவற்றை என்ன செய்வது என்று யோசிக்க இது பொருத்தமான ஊர்.

முதல் உலகப் போரின்போது திருத்தணி சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இங்கிருந்து அரக்கோணம், காட்பாடி வழியாகப் போனால் வேலூர். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பெயர் பெற்ற வட்டாரம் அது. பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவ ஊர் என்றே சொல்வார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்பது அதன் செய்தி. அவ்வளவுதான். போனவர் பெயர் இல்லை, மாண்டவர் பெயரும் இல்லை.

கல் சொல்லாத பெயரைச் சொல்ல ஒரு வெண்கலத் தகடு இருந்தது. போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு. எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டன் என்ற சிற்பியின் வடிவமைப்பு. குறுக்களவு 12 சென்டிமீட்டர். உள்ளங்கையை நிறைக்கும் வட்டம். பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா மாலையை நீட்டி நிற்பாள், முன்னால் சிங்கம். மாலைக்குக் கீழே சின்னச் சட்டம் ஒன்றில் இறந்தவரின் பெயர் புடைப்பெழுத்தில் எழும்பி நிற்கும். விரலால் தடவினால் பெயர் கையில் தட்டுப்படும். பதவி மட்டும் இருக்காது. உயிர் கொடுத்ததில் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஏற்றத்தாழ்வு இல்லை என்று வேண்டுமென்றே அதை விட்டுவிட்டார்கள். சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் மாண்டார் என்ற பொருளில் சுற்றிலும் ஆங்கில வாசகம். 13 லட்சத்துக்கும் மேல் வார்க்கப்பட்டன. சுதந்திரம் இல்லாத நாட்டின் சிப்பாய்களுக்கும் அதே வாசகம்தான்.

இந்தத் தகடுகளும், விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்த போர்ப் பதக்கங்களும் இன்று உலகெங்கும் சேகரிப்புப் பொருள்கள். லண்டன் ஏலக்கூடங்களில் இந்தியப் பெயர்கள் தவறாமல் வருகின்றன. ஒருவர் உயிருக்கு ஈடாக ஒரு வீட்டுக்கு வந்த பொருளை, அந்த வீட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைக்கலாமா?

கூடாது என்று சட்டெனச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் சேகரிப்பாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது. 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை எகிறியபோது அவற்றில் ஏராளமானவை உருக்கப்பட்டன. உருகியவை ஒவ்வொன்றும் ஒரு பெயர். அன்று பதக்கத்தைப் பதக்கமாகவே வாங்கி வைத்தவர்தான் அந்தப் பெயரைக் காப்பாற்றினார். நம் ஊரிலும் பரண் ஒழிக்கிற நாளில் உடைந்த குத்துவிளக்கோடும் ஓட்டைச் சொம்போடும் சேர்த்து எடைக்குப் போடப்படும் வெண்கலத்தை, அதில் எழுத்து இருக்கிறதே என்று ஒதுக்கி எடுப்பவர் செய்வது நல்ல காரியம். சிப்பாயின் எண்ணை வைத்து ஆவணக் காப்பகங்களில் தேடி, அவர் எங்கே போரிட்டார், எங்கே விழுந்தார் என்று பேரப்பிள்ளைகளுக்கே தெரியாததைக் கண்டுபிடித்த சேகரிப்பாளர்கள் உண்டு.

விற்றவரைப் பழிக்கவும் முடியாது. மகனை இழந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பசித்த வீடு வெண்கலத்தை விற்றால் அதில் குற்றம் இல்லை. அந்த நிலையில் அந்த வீட்டை விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனாலும் வாங்கியதோடு வாங்கியவரின் கடமை தீர்ந்துவிடுகிறது என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. இராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம், மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களைச் செதுக்கியவர்கள், அதிகாரிகள் அல்லாத இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகவே எழுதினார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் தன் அறிக்கையில் இத்தகைய பாகுபாடுகளை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பாஸ்ராவிலும் எண்ணிக்கை, வேலூரிலும் எண்ணிக்கை. அப்படிப்பட்ட ஒரு சிப்பாய்க்கு, பொறித்த பெயர் என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்தத் தகடும் பதக்கமும் மட்டுமாகவே இருக்கலாம். அதை ஊர் பேர் சொல்லாமல் கைமாற்றி, அரிய வகை என்ற ஒரே தகுதியோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது அவரை மறுபடி எண்ணிக்கையாக்குவது.

தமிழ் மரபில் வீரனுக்குக் கல் நட்டார்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரையான படிகளைத் தொல்காப்பியமே வரிசைப்படுத்துகிறது. செங்கம் பக்கத்து நடுகற்கள் யார், யாருடைய ஆட்சியில், எந்தப் பூசலில் பட்டான் என்று சொல்லி, அந்த மண்ணிலேயே நிற்கின்றன. வெண்கலத் தகட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடல் தாண்டிவிடலாம். அதனால்தான் அதை வைத்திருப்பவரின் பொறுப்பு கூடுகிறது.

பிறகு என்னதான் செய்வது? அமெரிக்கா தன் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை விற்பதையே சட்டத்தால் தடுத்திருக்கிறது. எல்லாப் பதக்கத்துக்கும் அப்படித் தடை போட்டால் வியாபாரம் மறைவிடத்துக்குப் போகும், உருக்குபவருக்குத்தான் லாபம். இங்கே திருத்தணிக் கோயில் யானையின் கதை வழிகாட்டுகிறது. வாகனம் மூலவரைப் பார்த்து நிற்பதுதான் வழக்கம். இங்கே வாகனமான யானை கிழக்கே பார்த்து நிற்கிறது. தெய்வானையை மணம் முடித்துக் கொடுத்த இந்திரன் ஐராவதத்தைச் சீதனமாகத் தந்தான். யானை போனதும் அவன் செல்வம் குறைந்தது. முருகன் திருப்பித் தர முன்வந்தார். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது முறையல்ல என்று மறுத்த இந்திரன், யானையின் முகம் தன் திசையைப் பார்த்திருந்தால் போதும் என்று கேட்டான். உடைமை ஒருவரிடம் இருக்கலாம், முகம் பிறந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு மிக நாகரிகமானது. பதக்கம் சேகரிப்பவருக்கும் இதையே நெறியாகச் சொல்லலாம்.

அப்படியென்றால் வாங்கும்போதே எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஒரே சிப்பாயின் பதக்கங்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்கக் கூடாது. பிரித்தால் அவர் வாழ்க்கை சிதறும். பெயரை வெளியே தெரியச் செய்ய வேண்டும். குடும்பம் தேடி வந்தால், வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுக்க மனம் வேண்டும். இந்த நான்கையும் செய்பவர் காவலர். செய்யாதவர், எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும், பிறர் துயரத்தில் பொழுதுபோக்குபவர். ஊர்ப் பொதுச் சுவரில் பதித்த கல்வெட்டும் பட்டயமும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றைப் பெயர்த்து விற்பது திருட்டு. வாங்குவது திருட்டுக்குத் துணை.

சட்டமும் இதில் ஒரு பக்கம் நிற்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் உலகப் போர்த் தகடுகளுக்கு இப்போது நூறு வயது தாண்டிவிட்டது.

வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள்; தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுங்கள். அவர் யார், எந்தத் தெரு, யாருக்குத் தாத்தா என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வேலூர்க் கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். விற்றே ஆக வேண்டும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் எழுதி வைத்த அந்தக் காகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.