நிழலும் கையொப்பமும்

"வைரஸுக்கு மருந்தில்லைன்னாங்களே, அப்ப இந்த மாத்திரை எதுக்கு சார்?" நெல்லியாளத்தில், எங்கள் பாங்க் கவுண்டரில், தோட்டத் தொழிலாளி ஒருவர் சீட்டை நீட்டினார். வைரஸ் நிமோனியா என்று சொன்ன டாக்டர் ஆன்டிபயாடிக்கும் எழுதியிருந்தார்.

எக்ஸ்ரேயில் தெரிவது அழற்சியின் நிழல்; கிருமியின் கையொப்பமல்ல. இருபுறமும் படர்ந்தால் வைரஸ், ஒரு மடலில் திரண்டால் பாக்டீரியா என்பதெல்லாம் ஊகம்தான். மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிடாமல் நாங்கள் பணம் தருவதில்லை. மருத்துவரோ மருந்தைத் தந்தாக வேண்டும். பி.சி.ஆர். சோதனையும் முழுச் சாட்சியல்ல. 2020இல் மூக்குச் சளியில் அகப்படாத கோவிட் சிலரது நுரையீரலில் இருந்தது. 1938இல் ரைமன் விவரித்த வகைமீறிய நிமோனியாவை வெகுகாலம் வைரஸ் வேலை என்றே நம்பினார்கள். பலருக்கு அதைத் தந்தது மைக்கோபிளாஸ்மா எனும் பாக்டீரியா என்பது 1962இல்தான் தெளிந்தது.

ஆகவே மாத்திரை பிழையல்ல. 'நிச்சயமில்லை' என்பதைச் சொல்லாமல் விட்டதே பிழை. சொன்னால் நோயாளி பயந்துவிடுவார் என்பார்கள். அவர் ஏற்கெனவே சந்தேகத்தோடுதான் வந்து நின்றார், பதில் சொல்ல வேண்டியவரிடம் அல்ல, என்னிடம்.