நகரமே இலக்கு: நீதியான போரும் வானிலிருந்து விழுந்த தீயும்

ஒரு போர் நீதியானதா என்று கேட்பது ஒன்று. அந்தப் போரை நீதியாக நடத்துகிறோமா என்று கேட்பது வேறொன்று. கிறிஸ்தவ இறையியலில் வளர்ந்து, பின்னர் பன்னாட்டுச் சட்டத்துக்கும் அடிப்படையாக அமைந்த நீதியான போர்க் கோட்பாடு இவ்விரண்டையும் தனித்தனியே கேட்கிறது. முதல் கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்துவிட்டால் இரண்டாவதைக் கேட்க மனம் வருவதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானப்படைகள் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நகரங்களை எரித்த வரலாறு இந்த மனப்போக்குக்கு நேர்ந்த பெரும் சோதனை. நாஜி ஆட்சியை எதிர்த்து நின்றது நியாயம் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. நியாயம் தம் பக்கம் இருந்தவர்களே இதைச் செய்தார்கள் என்பதால்தான் இறையியலாளர்களும் மெய்யியலாளர்களும் எண்பது ஆண்டுகளாக இதை விடாமல் விவாதிக்கிறார்கள்.

போரிடாதவரைக் கொல்லலாகாது என்ற விதி மெல்ல மெல்ல உருவானது. புனித அகுஸ்தீன் போரின் நியாயத்தை அதில் இறங்குபவரின் உள்நோக்கத்தோடு பிணைத்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், தற்காப்பைப் பற்றி எழுதுகையில், ஒரே செயலால் இரண்டு விளைவுகள் வரலாம், அவற்றில் ஒன்றை மட்டுமே செய்பவர் நாடியிருக்கலாம் என்று விளக்கினார். 1539இல் சலமான்காவில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இதைப் போருக்குப் பொருத்தினார்: குற்றமற்றவரை வேண்டுமென்றே கொல்வது எந்தப் போரிலும் தகாது, கோட்டையைத் தாக்கும்போது உள்ளிருப்பவர்களில் சிலர் மடிய நேர்வது வேறு. இந்தச் சிந்தனைதான் இரட்டை விளைவுக் கோட்பாடு எனப் பெயர் பெற்றது. அதன்படி, தீய விளைவை முன்கூட்டியே அறிந்திருந்தாலும் அதை நாடியிருக்கக் கூடாது. நல்ல விளைவை அடையும் வழியாக அது அமையக் கூடாது. கிடைக்கும் பயனுக்கு மிஞ்சியதாகவும் இருக்கக் கூடாது. ஆயுத ஆலையைக் குண்டுவீசித் தகர்க்கும்போது பக்கத்துத் தெருவில் சிலர் இறந்தால் அது கொலை ஆகாது. அந்தத் தெருவில் இருப்பவர்கள் சாக வேண்டும் என்பதற்காகவே குண்டு வீசினால் அது கொலை. இறப்பவர் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

விமானம் போர்க்களத்துக்கு வந்தபோது சட்டம் அதற்குத் தயாராக இல்லை. 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகள் பாதுகாப்பற்ற ஊர்களை எந்த வகையிலும் தாக்கக் கூடாது என்றன. 1923இல் வான்போருக்கெனத் தனி விதிகள் வரையப்பட்டன. எந்த அரசும் அவற்றை ஏற்று நடைமுறைப்படுத்தவில்லை. இதற்கிடையில், 1921இல் இத்தாலியத் தளபதி ஜூலியோ தூஏ வெளியிட்ட நூல், படைகளை விட்டுவிட்டு மக்களைத் தாக்கினால் போர் விரைவில் முடியும் என்று வாதிட்டது. அப்படி முடிவதே கருணை என்ற எண்ணமும் அதில் இழையோடியது. 1937 ஏப்ரலில் கெர்னிக்கா, 1940 மே மாதத்தில் ராட்டர்டாம், நவம்பரில் கோவென்ட்ரி என இந்தக் கருத்தை முதலில் ஐரோப்பிய ஊர்களின் மீது நிகழ்த்திக் காட்டியது ஜெர்மானிய விமானப்படை. அந்தப் பழி அழியாதது.

பிரிட்டன் இந்த வழிக்கு வந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1938இல் பிரதமர் சேம்பர்லேன் பொதுமக்களைக் குறிவைப்பது சட்டவிரோதம் என்று நாடாளுமன்றத்திலேயே அறிவித்திருந்தார். போர் தொடங்கிய பிறகு பகலில் பறந்த விமானங்கள் பெரும் எண்ணிக்கையில் வீழ்த்தப்பட்டதால் தாக்குதல் இரவுக்கு மாறியது. இரவில் இலக்கு தெரியவில்லை. 1941 ஆகஸ்டில் டேவிட் பட் என்ற அரசு அலுவலர், விமானங்களிலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொல்லப்பட்ட விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு 8 கிலோமீட்டர் தூரத்துக்குள்ளாவது சென்றிருந்தது. ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்று. ஆலையைத் தாக்க முடியாத படை என்ன செய்வது? தாக்குதலைக் குறைத்துக்கொள்ளலாம், குறிபார்க்கும் திறனை வளர்க்கலாம், அல்லது தாக்க முடிவதையே இலக்கு என்று அறிவித்துவிடலாம். மூன்றாவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 14 அன்று பிறந்த ஆணை, எதிரி நாட்டு மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியை முதன்மை நோக்கமாக வைத்தது. விமானப்படைத் தலைவர் சார்லஸ் போர்ட்டல் அடுத்த நாளே எழுதிய குறிப்பு, குறிவைக்க வேண்டியது குடியிருப்புப் பகுதிகளையே, கப்பல் தளங்களையோ விமான ஆலைகளையோ அல்ல என்று தெளிவுபடுத்தியது. மார்ச் மாத இறுதியில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு, 58 பெரிய நகரங்களின் வீடுகளைத் தகர்த்தால் ஜெர்மானிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் வீடற்றவர்கள் ஆவார்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

இங்கேதான் அறத்தின் முடிச்சு இருக்கிறது. இயலாமை படிப்படியாக நோக்கமாக மாறிற்று. 1940இல் குறி தவறிய குண்டு ஒரு குடும்பத்தைக் கொன்றால் அது விபத்து. 1942க்குப் பிறகு அதே குண்டு அதே வீட்டில் விழுந்தால் குறி தப்பவில்லை என்று பொருள். விமானமும் குண்டும் இறந்தவரும் அப்படியே இருக்க, செயலின் அறத்தன்மை மட்டும் தலைகீழாயிற்று. குண்டுவீச்சுப் படைப்பிரிவின் தலைவர் ஆர்தர் ஹாரிஸ் இதை மூடி மறைக்க விரும்பவில்லை. நகரங்களை அழிப்பதும் தொழிலாளர்களைக் கொல்வதும்தான் நோக்கம் என்று மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள் என 1943 அக்டோபரில் அரசுக்கு எழுதினார். விமானத்துறை அமைச்சகம் மறுத்தது, இராணுவ இலக்குகளே தாக்கப்படுகின்றன என்று அமைச்சர் ஆர்ச்சிபால்ட் சின்கிளேர் நாடாளுமன்றத்தில் தொடர்ந்து சொல்லிவந்தார். செய்வது சரி என்று உறுதியாக நம்பிய அரசுக்கு இந்த மறைப்பு தேவைப்பட்டிருக்காது.

1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் நகரின் மீது நடந்த தொடர் தாக்குதலுக்குக் கொமோரா நடவடிக்கை என்று பெயர் வைத்தார்கள். ஜூலை 27 இரவு, வெடிகுண்டுகள் கூரைகளைப் பெயர்க்க, ஆயிரக்கணக்கான தீக்குண்டுகள் உள்ளே விழுந்து, தனித்தனி நெருப்புகள் ஒன்றாகச் சேர்ந்து தீப்புயல் எழுந்தது. நிலவறைகளில் ஒளிந்தவர்களில் பலர் தீ தொடாமலே கார்பன் மோனாக்சைடு நச்சுக்காற்றால் இறந்தார்கள். அந்தத் தொடர் தாக்குதலில் மாண்டவர்கள் 37,000 முதல் 40,000 வரை என்று கணக்கிடப்படுகிறது. பெயர் வைத்தவர்கள், வானிலிருந்து தீ பொழிந்து கொமோரா முதலிய பாவ நகரங்கள் அழிந்த விவிலியக் கதையை நினைத்திருக்க வேண்டும். அந்தக் கதை வரும் ஆதியாகமத்தில், அழிவுக்குச் சற்று முன்பு, ஆபிரகாம் கடவுளின் முன் நின்று மன்றாடும் பகுதியும் இருக்கிறது. துன்மார்க்கரோடு நீதிமான்களையும் அழிப்பது தகுமா என்று கேட்டு, ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துப் பேர் வரை இறங்கி வருகிறார் அவர். பத்துப் பேர் இருந்தாலும் அழிப்பதில்லை என்று கடவுள் ஒப்புக்கொள்கிறார். ஹாம்பர்க்கில் பச்சைக் குழந்தைகள் மட்டும் பத்துப் பேருக்கு எத்தனையோ மடங்கு இருந்தார்கள். தண்டிக்கும் அதிகாரத்தை விவிலியத்திலிருந்து கடன் வாங்கியவர்கள் அந்த மன்றாட்டைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அதைச் செய்ய ஒரு பிஷப் எழுந்தார். 1944 பிப்ரவரி 9 அன்று சிச்செஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல் பிரபுக்கள் சபையில் அரசைக் கேள்வி கேட்டார். பெல் போர் மறுப்பாளர் அல்லர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். ஹிட்லரை எதிர்த்துச் சதிசெய்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபரின் நெருங்கிய நண்பர். 1942இல் சுவீடனில் அவரைச் சந்தித்து எதிர்ப்புக் குழுவின் செய்தியைப் பிரிட்டிஷ் அரசிடம் சேர்த்தவர். இராணுவ, தொழில் மையங்களைத் தாக்கும்போது மக்கள் இறப்பது தவிர்க்க முடியாதது என்பதை அவர் ஏற்றார். ஒரு முழு நகரத்தையும், அதன் ஒரு மூலையில் ஆலை இருக்கிறது என்பதற்காக, இலக்காக்குவதைத்தான் எதிர்த்தார். அதிகாரத்தைவிடச் சட்டம் பெரிது என்று சொல்லிப் போருக்குப் போனவர்கள் இதை எப்படிச் செய்யலாம் என்பதே அவர் வாதத்தின் சாரம். சபையில் ஆதரவு சொற்பம். கேன்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிள் அவருக்குத் துணை நிற்கவில்லை. அதே ஆண்டு டெம்பிள் இறந்தபோது அப்பதவி பெல்லுக்குக் கிடைக்காததற்கு இந்தப் பேச்சே காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

பெல் பேசுவதற்கு முந்தின இரவு பிரான்சின் லிமோஜ் நகரில் நடந்தது அவருடைய வாதத்துக்குக் கண்கூடான சான்று. அங்கே ஜெர்மானியருக்காக விமான இயந்திரங்கள் செய்த ஆலையைத் தாக்க 617ஆம் படைப்பிரிவின் லங்காஸ்டர் விமானங்கள் சென்றன. வேலைசெய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள். தலைமை தாங்கிய லெனார்ட் செஷயர் ஆலையின் மேல் மிகத் தாழ்வாக மீண்டும் மீண்டும் பறந்து, அவர்கள் ஓடித் தப்ப அவகாசம் கொடுத்தார். பிறகு ஒளிக்குறியைப் போட்டார்; குண்டுகள் ஆலையின் மீதே விழுந்தன. இதைச் செய்ய அவர் தம் உயிரையும் தம்மோடு பறந்தவர்களின் உயிரையும் பணயம் வைத்தார். இரட்டை விளைவுக் கோட்பாடு வேண்டுவது இதைத்தான்: தீய விளைவை நாடாதிருந்தால் போதாது, அதைக் குறைக்கத் தனக்கு வரும் ஆபத்தையும் ஏற்க வேண்டும் என்று பின்னாளில் மெய்யியலாளர் மைக்கேல் வால்சர் அந்தக் கோட்பாட்டைத் திருத்தி எழுதினார். எல்லா இலக்கும் லிமோஜ் ஆகிவிட முடியாது; பிரான்சில் ஜெர்மனி அளவுக்கு விமான எதிர்ப்புப் பீரங்கிச் சூடு இல்லை. ஆனாலும் 1944இல் வேறு வழியே இல்லை என்ற பேச்சு எடுபடாது.

அதே ஆண்டு அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் ஃபோர்டு இறையியல் இதழொன்றில் எழுதிய கட்டுரை, இந்த விவாதத்தில் இன்றும் மிஞ்ச முடியாத ஒன்று. நவீனப் போரில் எல்லோரும் போராளிகளே என்ற வாதத்தை அவர் பொதுப்பேச்சாக மறுக்கவில்லை. தொழில்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். தாய்மார், குழந்தைகள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், கடைக்காரர்கள், உழவர்கள் என நகர மக்களில் பெரும்பான்மையோர் எந்த நியாயத்தின்படியும் கொல்லத்தக்கவர் அல்லர் என்று காட்டினார். மக்களின் மன உறுதியைக் குலைப்பதே நோக்கம் என்றால், அவர்களுக்கு நேரும் சாவும் காயமும்தான் அந்த நோக்கத்தை அடையும் வழி. ஆகவே அவை பக்கவிளைவு என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அவர் தீர்ப்பு. இதை எவரும் தர்க்கத்தால் வென்றதில்லை.

மறுதரப்பின் வலுவான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. 1940, 1941இல் பிரிட்டன் தனித்து நின்றது. எதிரியை எட்டும் ஒரே ஆயுதம் குண்டுவீச்சு விமானம். தோற்றால் ஐரோப்பாவுக்கே விடிவில்லை. இத்தகைய உச்ச நெருக்கடியில் மட்டும் விதியை மீறலாம், மீறியவர் குற்றத்தையும் சுமக்க வேண்டும் என்பது வால்சர் 1977இல் முன்வைத்த கருத்து. அதை ஏற்றாலும் கணக்கு நேராவதில்லை. சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் போருக்குள் வந்தபின் அந்த நெருக்கடி தணிந்தது. குண்டுகளில் மிகப் பெரும்பகுதி விழுந்தது அதற்குப் பிறகு. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்தபோது ஜெர்மனியின் தோல்வி உறுதியாகியிருந்தது. அங்கே 25,000 பேர் வரை மாண்டார்கள். மார்ச் 9 இரவு டோக்கியோவில் ஒரே தாக்குதலில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். தொடங்கிய காரணம் மறைந்த பின்னும் ஆலைகள் விமானங்களைத் தந்துகொண்டே இருந்தன. விமானங்கள் நகரங்களைத் தேடிச் சென்றன. ஹிரோஷிமாவும் நாகசாகியும் புதிய ஆயுதத்தால் அழிந்தன. அதை அனுமதித்த அறமுடிவு மூன்றாண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

பறந்தவர்களை இந்தத் தீர்ப்போடு சேர்த்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவின் 1,25,000 விமானக் குழுவினரில் 55,573 பேர் திரும்பவில்லை. பலருக்கு இருபது வயதுதான். பறக்க மறுத்தவரின் கோப்பில் மன உறுதியற்றவர் என்ற முத்திரை விழும். கீழே தெரிவது வெளிச்சப் புள்ளிகள். இலக்கைத் தேர்ந்தவர்கள் லண்டனிலும் படைப்பிரிவின் தலைமையகமான ஹை விக்கம்பிலும் இருந்தார்கள். குற்றம் அதிகாரத்தின் படிகளில் மேலே ஏற ஏறக் கனக்கிறது. அந்தத் தலைமையகத்திலேயே மனச்சான்று முழுதாக உறங்கிவிடவில்லை: அங்கே மதகுருவாக இருந்த ஜான் காலின்ஸ், அமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸை அழைத்து அறத்தைப் பற்றிப் பேசவைத்தார். காலின்ஸ் பின்னாளில் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். செஷயர் நாகசாகிக் குண்டுவீச்சைப் பார்வையாளராகக் கண்டார். அது போரை முடித்தது என்ற கருத்தை அவர் கைவிடவில்லை. 1948இல் கத்தோலிக்கரானார், நோயுற்றோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் இல்லங்கள் தொடங்கினார். 1950களில் அவை இந்தியாவிலும் எழுந்தன.

போருக்குப் பின் நீண்ட மௌனம் நிலவியது. நகரங்களின் மீதான குண்டுவீச்சு நியூரம்பர்கில் எவர் மீதும் தனிக் குற்றச்சாட்டாக வைக்கப்படவில்லை. வென்றவர்களும் அதே கூண்டில் ஏற நேர்ந்திருக்கும். வெறும் அச்சுறுத்தலுக்காக நகரங்களைத் தாக்குவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சர்ச்சிலே 1945 மார்ச் 28 அன்று குறிப்பெழுதினார். தளபதிகள் எதிர்த்ததும் அதன் வாசகத்தை மென்மையாக்கினார். 1956இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், ஹிரோஷிமா, நாகசாகித் தாக்குதல்களின்போது அமெரிக்க அதிபராக இருந்த ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் அளிக்க முன்வந்தபோது மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம் எதிர்த்து எழுந்து பேசினார். ஒரு பயனுக்கு வழியாகக் குற்றமற்றவரைக் கொல்வது எப்போதும் கொலையே என்பது அவர் நிலை. பட்டம் வழங்கப்பட்டது. ஆனால் 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், முழு நகரங்களையும் மக்களோடு சேர்த்து அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று அறிவித்தது.

சட்டமும் தாமதமாக அதே இடத்துக்கு வந்தது. 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 51ஆம் பிரிவு, ஒரு நகரில் தனித்தனியே பிரிந்து கிடக்கும் இராணுவ இலக்குகளை ஒரே இலக்காகக் கருதிக் குண்டுவீசுவதைத் தடைசெய்கிறது. 1944இல் பெல் கேட்டது ஏறக்குறைய இவ்வளவுதான். பிரிட்டன் 1998இல் அந்த நெறிமுறையை உறுதிசெய்தது. அமெரிக்கா கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை. இந்தியா அதில் சேரவே இல்லை.