பரிகாரமுள்ள நோயும் முதுமையும்

எண்பது வயதைக் கடந்த பெரியவரின் இதயத்தில் கட்டி என்றறிந்ததும், 'இனி அறுவை எதற்கு?' என்கிறோம். இது கருணையா, கைவிடலா?

பெரும்பாலும் இதயத்தின் இடது மேலறையில் தோன்றும் மிக்சோமா என்னும் கட்டி புற்றன்று. எனினும் அதன் துணுக்கு பிரிந்து மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். 1954இல் ஸ்டாக்ஹோமில் மருத்துவர் கிராஃபூர்ட் அதனை வெற்றியுடன் அகற்றினார். இன்று முதுமை ஒன்றே அறுவைக்குத் தடையன்று. நுரையீரல், சிறுநீரகம், உடல்வலிமை ஆகியவற்றையும் ஆய்ந்தே மருத்துவர் முடிவுரைப்பர்.

அருங்கலச்செப்பின் முதனூலாகிய இரத்தினகரண்டகத்தில் சமந்தபத்திரர், பரிகாரமற்ற நிலைக்கே சல்லேகனையை விதித்தார். பரிகாரமுள்ள நோயை வயதின் பெயரால் விட்டுவிடுதல் விரதமாகாது. அபாயம் மிகுமெனில் அறுவையைத் தவிர்ப்பதும் குற்றமன்று. ஆயின் அம்முடிவு நோயுற்றவருக்கே உரியது. அவரிடம் உண்மையை மறைத்து நாமே தீர்ப்பது அகிம்சையாகாது. உள்ளதை உரைத்து, அவர் விருப்பத்தைக் கேட்டறிவோமாக.