அரிக்கொம்பனும் என் இரக்கமும்

2023 ஏப்ரல் 29-ல், கேரளத்தின் சின்னக்கானலில் ஒரு யானையை மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றினார்கள். ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி தின்றதால் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயர். பெயரே குற்றப்பத்திரிகை. கழுத்தில் ரேடியோ பட்டையோடு பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்திற்குள் அது மலையிறங்கிக் கம்பம் தெருக்களில் ஓடியது. ஜூன் 5-ல் தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோயிற்று.

இதை 'இடமாற்றம்' என்றார்கள். நான் வங்கி குமாஸ்தா. இந்த வார்த்தையை அறிவேன். எங்களுக்குச் சங்கம் உண்டு.

யானை குற்றம் செய்யுமா என்பது சுலபமான கேள்வி. செய்யாது. குற்றத்துக்கு விலக்கப்பட்டது இன்னதென்ற பிரக்ஞை வேண்டும். யானைக்குத் தெரிந்தது சுவருக்கப்பால் அரிசி வாசனை. இதோடு நிறுத்திக்கொள்கிற கட்டுரைகள் நிறைய உண்டு. (நானே ஒன்று எழுதவிருந்தேன்.) யார் பொறுப்பு என்பதுதான் சுலபமில்லாதது. யானைகள் நடமாடும் அந்தப் பகுதியில், 2000-களின் தொடக்கத்தில், நிலமற்ற ஆதிவாசிக் குடும்பங்களைக் குடியமர்த்தியது அரசாங்கமே. 301 காலனி என்று பெயர்; குடும்பங்களின் எண்ணிக்கையே ஊர்ப்பெயர். யானைக்காவது கொம்பனென்று ஒரு கௌரவம். பயந்து பலர் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்பது அயோக்கியத்தனம்.

அந்நாட்களில் தினமும் பத்திரிகையில் நான் முதலில் தேடியது யானையைத்தான். கம்பத்தில் அதன் எதிரே அகப்பட்டு அடிபட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். பெயர் போட்டிருந்தார்கள், எனக்கு நினைவில்லை. யானையின் துதிக்கையில் காயம் இருந்தது நினைவிருக்கிறது.

இதை வெறும் ஞாபகமறதி என்று தள்ள முடியவில்லை. என் வீட்டிலிருந்து காட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். எனக்குச் செலவில்லாத இரக்கம் அது. செலவு 301 காலனியின் பற்றில் எழுதப்பட்டது. அதற்காக இரக்கமே பொய் என்று சொல்லவும் நான் தயாரில்லை. யானைகளை இனமாக எண்ணிக் காப்பாற்றுகிறவர்களுக்கு ஒரு யானை எங்கே நின்றாலும் கணக்கு ஒன்றுதான். யானைக்கு இனமாக வாழத் தெரியாது. ஆனையிறங்கல் என்றே பெயர்கொண்ட அணைக்கரையில், அந்த மலையில், அந்தப் புல்லில்தான் அது வாழ்ந்தது. காட்டுக்குக் காடு சமம் என்பது வரைபடத்தில் மட்டுமே உண்மை.

உத்தரவு என் கையில் இருந்திருந்தால், யானையை அங்கேயே விடச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கூடவே காலனிக்காரர்களுக்கு, அவர்கள் கேட்கும் இடத்தில், நிலம். இரண்டாவதில் கையெழுத்திடாமல் முதலாவதில் இட எனக்கு யோக்கியதை கிடையாது.