கல்யாணத்துக்கு வெட்டும் தேக்கு

வரப்போரத் தேக்கை எப்போது வெட்டுவது என்பதை நம் ஊர்களில் மரத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. மகளின் கல்யாணமோ கல்லூரிக் கட்டணமோ முடிவு செய்கிறது. வியாபாரி வந்து, நின்ற மரத்தைக் கண்மதிப்பில் பார்த்து மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார், அவசரக்காரர் தலையாட்டுகிறார். வியாபாரி மீது குற்றமில்லை, விற்பவர் கையில் ஒரு டேப் இல்லாததுதான் குறை. மார்பளவு உயரத்தில் 24 அங்குலச் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் ஏழரை அங்குலத்துக்குச் சற்று மேல். பட்டையும் வெள்ளையுமாகச் சுற்றிலும் ஓர் அங்குலம் கழிந்தால், வைரம் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். சுற்றளவு 36 அங்குலமாகும்போது, அதே நீளத்தில் வைரம் 2.8 மடங்காகிறது. அதற்குப் பத்தாண்டு பிடித்தாலும் ஆண்டுக்குப் 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டுவட்டி. பருத்த கட்டைக்குக் கன அடி விலை கூடுவது தனி. தவணை கட்ட முடிந்தவர் நகைக்கடனில் கல்யாணத்தை முடித்துவிட்டு மரத்தை நிற்கவிடுவது பல நேரம் கட்டுபடியாகும்.

அதற்காக மரத்தை முடிவில்லாமல் நிற்கவிடவும் கூடாது. 36 அங்குலம் 48 ஆக இன்னொரு பத்தாண்டு என்று வைத்தால், வைரம் இரு மடங்கைத் தொடுவதற்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. வட்டி 7 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. நிற்கும் மரம் அடுத்த மரத்தின் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இடவாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஜெர்மானிய வனவியலாளர் மார்ட்டின் ஃபாஸ்ட்மன் 1849இலேயே காட்டினார். தாத்தா வைத்த மரம் என்ற பாசத்தில் நிறுத்தி வைப்பவர் அந்த வாடகையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். மனமறிந்து கொடுத்தால் தவறில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரே இரவில் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்கள், காத்திருப்பதே சூதாட்டம் என்பார்கள். ஊரில் எல்லோர் மரமும் ஒன்றாக விழுந்தால் விலையும் விழும். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அது எல்லாவற்றையும் இளசாக வெட்டிவிடச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் ஒரே வயதில் நிறுத்தாதே என்கிறது. நெருக்கமாக நிற்பவற்றில் மெலிந்ததைக் கழித்து விற்றால் கைக்குப் பணமும் வரும், மிச்சமும் பருக்கும். அவசரத்துக்கென்றே ஓர் ஓரத்தில் சவுக்கு போடலாம். டன் கணக்கில் விலைபோகும் அதற்கு வைரக் கவலை கிடையாது. கடினமான கேள்வி எழுபது வயதுக்காரருடையது: பத்தாண்டு கழித்து வரும் வட்டி அவருக்கு எதற்கு? தனக்கு வேண்டியதை அவர் வெட்டிக்கொள்ளட்டும், அது அவர் உரிமை. நிற்கும் மரங்களின் சுற்றளவை மட்டும் ஆண்டுதோறும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், பிள்ளைகள் வியாபாரியின் கண்மதிப்பை நம்பி விற்க வேண்டியிருக்காது.